எந்த எண்ணைச் சுவரில் ஒட்டுவது? கொழும்பு வைத்தியசாலைகளின் தரத்தை அளந்து வெளியிடும் வழிகள்: ஓர் ஒப்பீடு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் சத்திரசிகிச்சைக்கு நாள் பார்க்கிறார்கள் என்றால், எந்த வைத்தியசாலை என்ற கேள்விக்கு மூன்று விடயங்களை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள்: அந்தக் கன்சல்டன்ட் எங்கே சனல் பண்ணுகிறார், எவ்வளவு முடியும், தெரிந்தவர்கள் யாராவது அங்கே போய் வந்தார்களா. அங்கே நூறு பேருக்கு வெட்டினால் எத்தனை பேருக்குக் காயம் சீழ் பிடிக்கிறது, நெஞ்சுவலியோடு ஓடிவருபவருக்கு ஈ.சி.ஜி. எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தை விளங்கும் மொழியில் சொல்லிக் கொடுக்கிறார்களா என்பவை எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. அரச வைத்தியசாலைக்குப் போகிறவர் பெரும்பாலும் அம்புலன்ஸ் கொண்டுபோய் விடும் இடத்தில்தான் இறங்குகிறார். ஆனாலும் அந்த இடம் எப்படி நடக்கிறது என்று அறியும் உரிமை அவருக்கும் உண்டு.

தரத்தை அளக்க வேண்டும், வெளியில் சொல்ல வேண்டும் என்பதை இன்று பலரும் ஏற்கிறார்கள். எதை அளப்பது, வைத்தியர் மட்டத்திலா வாட்டு மட்டத்திலா, யார் கையால் வெளியிடுவது என்று கேட்டால்தான் வழிகள் பிரிகின்றன. வழி பிழைத்தால் கடுமையான நோயாளரை ஏற்கும் வாட்டு கெட்ட பெயர் எடுக்கும். அடுத்த வருடம் அப்படிப்பட்ட நோயாளருக்குக் கட்டில் கிடைக்காது. ஆகவே நடைமுறையில் உள்ள வழிகளைக் கொழும்பின் நிலைமையோடு பொருத்திப் பார்க்கிறோம்.

முதலில், கையில் இருப்பது என்ன? அரச வைத்தியசாலையில் தங்கி வெளியேறும் ஒவ்வொருவரின் பி.எச்.டி.யிலிருந்தும் (வாட்டில் எழுதப்படும் சிகிச்சைப் பதிவு) நோய்ப்பெயர் ஐ.சி.டி. 10 என்ற சர்வதேச நோய்க் குறியீடாக மாற்றப்பட்டு, இ-ஐ.எம்.எம்.ஆர். எனப்படும் மின்னணு அறிக்கைக்குள் போகிறது. சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவு அதைத் தொகுத்து ஆண்டறிக்கையில் போடுகிறது. நாட்டின் நோய்ச்சுமையை அறிய அது நல்ல கருவி. ஒரு வாட்டு எப்படி நடக்கிறது என்று அறிய அது போதாது. தனியார் பக்கத்தில், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டம் ஒரு ஒழுங்குபடுத்தும் பேரவையை உருவாக்கியது. பதிவு பெற இடம், ஆளணி, உபகரணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். சிகிச்சை பெற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று காட்ட வேண்டியதில்லை. அமைச்சில் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் என்று தனிப் பணிப்பகம் இருக்கிறது, பெரிய வைத்தியசாலைகளில் தர முகாமைத்துவ அலகுகள் இருக்கின்றன. ஆகவே ஆளும் மேசையும் உண்டு. அவர்கள் சேர்ப்பது உள்ளேயே சுற்றுகிறது.

சான்றிதழை மட்டும் காட்டுவது

இருப்பதில் இலகுவான வழி இது. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து, நியமங்களோடு ஒப்பிட்டு, சான்று தருகிறார்கள். கொழும்பின் சில தனியார் வைத்தியசாலைகள் அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜே.சி.ஐ. அமைப்பின் சான்றைப் பெற்றிருக்கின்றன. அது மூன்று வருடத்துக்கொரு தடவை புதுப்பிக்கப்படுவது. அரச பக்கத்தில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிய ‘ஐந்து எஸ்’ ஒழுங்கமைப்பு முறையைக் கையிலெடுத்தது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் ஆப்பிரிக்க நாடுகளுக்கு முன்மாதிரியாகக் கொண்டுபோகுமளவுக்கு அது வளர்ந்தது. அலுமாரியில் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது சிறிய விடயமில்லை. இரத்தம் பெருகும் நேரத்தில் அதைத் தேடும் இரண்டு நிமிடம் ஒரு தாயின் உயிர்.

ஆனால் சான்று முழுக் கட்டடத்துக்கும் ஒன்றாகக் கிடைப்பது, மூன்று வருடம் தொங்குவது, இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டே விடை தருவது. சான்று பெற்ற இரண்டு இடங்களில் எது முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு நல்லது என்று அது சொல்லாது. வாசலில் அது இருக்கட்டும். தர அறிக்கை என்ற இடத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது.

இறப்பு எண்ணிக்கையைப் பட்டியலிடுவது

பத்திரிகைக்கு மிகப் பிடித்த வழி இது. ஆபத்தும் இதில்தான் அதிகம். வைத்தியசாலைப் புள்ளிவிவரங்களை ஒரே அச்சில் சேர்க்க வேண்டும் என்று முதலில் வாதாடியவர்களில் ஒருவரான புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1863இல் வெளியிட்ட அட்டவணையில், லண்டனின் 24 வைத்தியசாலைகளில் இறப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்று இருந்தது. வருடம் முழுவதும் இறந்தவர்களின் தொகையை, 1861 ஏப்ரல் 8ஆம் திகதி அன்று கட்டிலில் இருந்தவர்களின் தொகையால் வகுத்ததால் வந்த எண் அது. ஒரு கட்டிலில் வருடத்துக்குப் பத்துப் பேர் வந்து போனால், அந்தக் கணக்கு உண்மையைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும். நோயாளர் மூன்று நாளில் வீடு போகும் இன்றைய கொழும்பு வாட்டில் ஒரு கட்டிலில் வருடத்துக்கு நூறு பேருக்கு மேல் படுப்பார்கள்; அங்கே இதே பிழை நூறு மடங்காகும். பின்னத்தின் கீழே எந்த எண் இருக்கிறது என்பதுதான் இந்தத் துறையில் முதற் கேள்வி. எந்த அறிக்கையைக் கையிலெடுத்தாலும் மேலெண்ணைப் பார்க்குமுன் பகுதியெண்ணைப் பாருங்கள்.

அமெரிக்க மத்திய அரசு 1986இல் வைத்தியசாலை வாரியாக இறப்பை வெளியிடத் தொடங்கியபோது, பட்டியலின் அடியில் நின்ற ஓர் இடத்தில் எதிர்பார்த்த இறப்பு 22.5 சதவீதம், நடந்த இறப்பு 87.6 சதவீதம். பிறகு பார்த்தால், அது இனிக் குணமாக்க முடியாதவர்களைக் கடைசி நாட்களில் வைத்துப் பராமரிக்கும் இல்லம். 1993இல் அந்த வெளியீட்டையே நிறுத்தினார்கள். கொழும்பில் இதே கணக்கைப் போட்டால் அடியில் யார் நிற்பார்கள் என்று ஊகிக்க முடியும்: நாடெங்கிலுமிருந்து விபத்துக் காயங்கள் வந்து சேரும் தேசிய வைத்தியசாலை, புற்றுநோய்க்கான மகரகம அபேக்ஷா, மற்ற இடங்கள் கைவிட்ட பிள்ளைகளை ஏற்கும் பொரளை சீமாட்டி றிஜ்வே. நாடு எதை நம்பி நிற்கிறதோ அதைத்தான் பட்டியல் குற்றவாளியாக்கும்.

கொழும்புக்கே உரிய இரண்டு ஓட்டைகளும் உண்டு. தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து நிலைமை மோசமானவர், செலவு தாங்காமல் அரச தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். அங்கே இறந்தால், இறப்பு ஏற்றவர் கணக்கில் விழுகிறது. அனுப்பியவர் கணக்கு வெள்ளையாக இருக்கிறது. இரண்டாவது, சாகும் தறுவாயில் வீட்டுக்குக் கொண்டுபோக உறவினர் விரும்பி, வைத்திய ஆலோசனைக்கு மாறாக வெளியேறியதாகக் கையெழுத்திடுவது. அவரும் இறப்புக் கணக்கில் வரமாட்டார். இரண்டையும் அடைக்க ஒரே வழி, வாட்டில் நடந்த இறப்பை விட்டு, அனுமதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எங்கே இறந்தாலும் எண்ணி, முதலில் அனுமதித்த இடத்தின் பெயரில் எழுதுவது. அதற்கு அடையாள அட்டை இலக்கமோ தனிநபர் சுகாதார இலக்கமோ கொண்டு வைத்தியசாலைப் பதிவையும் இறப்புப் பதிவையும் இணைக்க வேண்டும். இரு துறைகளும் சேர்ந்து செய்யாமல் இது நடக்காது.

சிறிய எண்களின் தொல்லை இன்னொன்று. 50 பேரில் 2 பேர் இறந்தால் 4 சதவீதம். ஆனால் தற்செயலை மட்டும் கணக்கிலெடுத்தாலே உண்மையான வீதம் அரைச் சதவீதத்துக்கும் 13.7 சதவீதத்துக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 1000 பேரில் 40 பேர் என்றால் அந்த இடைவெளி 2.9க்கும் 5.4க்கும் இடையில் சுருங்கும். 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை என்று விளம்பரம் வந்தால், உண்மையான வீதம் 10 சதவீதம் வரை இருந்தாலும் அப்படி நடக்கக்கூடும் என்று நினைவில் வையுங்கள். டெங்குவை எடுத்துப் பாருங்கள். 2017இன் பெரும் பரவலில் நாடு முழுவதும் 186,101 பேர் நோயாளராகப் பதிவானார்கள், இறந்தோர் 440 என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 0.24 சதவீதம். அந்த வீதத்தில் 500 பேரைப் பார்த்த ஒரு வைத்தியசாலையில் எதிர்பார்க்கக்கூடியது 1.2 இறப்பு. நூறு வைத்தியசாலைகள் ஒரே தரத்தில் வேலை செய்தாலும் 30 இடங்களில் இறப்பே இராது, 12 இடங்களில் மூன்றோ அதற்கு மேலோ இருக்கும். அந்தப் பன்னிரண்டின் பெயரைத் தலைப்புச் செய்தியாகப் போடுவது அநியாயம்.

நோயின் கடுமையைக் கழித்து விளைவைக் காட்டுவது

இதற்கு விடையாக வந்தது, ஒவ்வொரு நோயாளியின் வயது, அவசரநிலை, கூட இருக்கும் நோய்கள் ஆகியவற்றை வைத்து எதிர்பார்க்கும் இறப்பைக் கணித்து, நடந்ததை அதனால் வகுப்பது. ஏன் தேவை என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். முதல் வைத்தியசாலையில் 1000 சிசேரியன். அதில் 700 அவசரமானவை, 300 நாள் குறித்தவை. காயத் தொற்று அவசரத்தில் 28, மற்றதில் 3, மொத்தம் 3.1 சதவீதம். இரண்டாவது இடத்தில் 1000இல் 200 மட்டுமே அவசரம். அதில் தொற்று 10, மற்ற 800இல் 10. மொத்தம் 2 சதவீதம். மொத்தத்தைப் பார்த்தால் இரண்டாவது நல்லது. பிரித்துப் பார்த்தால் அவசரத்தில் முதலாவது 4 சதவீதம், இரண்டாவது 5. நாள் குறித்ததில் முதலாவது 1 சதவீதம், இரண்டாவது 1.25. இரு வகையிலும் முதலாவதுதான் நல்லது. கடுமையான நோயாளரை அதிகம் ஏற்றதால் மட்டுமே அது பின்தங்கித் தெரிகிறது.

இந்த வழியின் மிகப் பெரிய பரீட்சை நியூயோர்க் மாநிலத்தில் நடந்தது. இதய பைபாஸ் சத்திரசிகிச்சையின் தரவுகளை 1989 முதல் சேர்த்து, 1990இன் இறுதியில் வைத்தியசாலை வாரியாக வெளியிட்டார்கள். ஒரு பத்திரிகை வழக்குப் போட்டு 1991இல் வைத்தியர் வாரியான எண்களையும் வெளிக்கொணர்ந்தது. 1989க்கும் 1992க்கும் இடையில், கடுமையைக் கழித்த இறப்பு வீதம் 4.17இலிருந்து 2.45ஆக, அதாவது 41 சதவீதம் குறைந்தது. இதே காலத்தில் வெளியீடு இல்லாத இடங்களிலும் இறப்பு குறைந்து வந்தது என்பதால், முழுப் புகழும் வெளியீட்டுக்கு உரியது என்று சொல்ல முடியாது. பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் இப்படி வெளியிட்டார்கள். 1996இல் வெளியான ஆய்வில், அங்கே 63 சதவீதச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கடும் நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்யத் தயக்கம் கூடிவிட்டது என்றார்கள். தங்கள் கடும் நோயாளரை ஏற்க ஒரு நிபுணரைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது என்று 59 சதவீத இதயநோய் வைத்தியர்கள் சொன்னார்கள். பின்னாளில் நியூயோர்க், இதய அதிர்ச்சி நிலையில் (இதயம் போதிய இரத்தத்தை அனுப்ப முடியாத நிலை) வருவோரைக் கணக்கிலிருந்து நீக்கியது. அப்படி நீக்காவிட்டால் அவர்களைத் தொட ஆளில்லாமல் போய்விடும்.

கடுமையைக் கணிக்கும் குறியீடுகளே இன்னொரு கதவு. நோயாளி கடைசிக் காலப் பராமரிப்பில் இருந்தார் என்று குறித்தால் எதிர்பார்க்கும் இறப்பு கூடும், விகிதம் நல்லதாகத் தெரியும். இங்கிலாந்தில் அந்தக் குறியீட்டின் பாவனை கூடக் கூட, விகிதத்தின்மேல் இருந்த நம்பிக்கை தேய்ந்தது. பி.எச்.டி.யில் கூட இருக்கும் நீரிழிவும் சிறுநீரக நோயும் எழுதப்படாத வாட்டுக்கு இதற்கு நேர்மாறான அநியாயம் நடக்கும்: கடும் நோயாளர் எல்லாம் சுகதேகிகளாகக் கணிக்கப்படுவார்கள்.

ஆகவே இந்த வழி கொழும்புக்கு இப்போதைக்கு ஓரிரு துறைகளில் மட்டும் பொருந்தும். இதய சத்திரசிகிச்சையைப் போல, தொகை போதியளவு உள்ள, செய்யும் இடங்கள் கைவிட்டு எண்ணக்கூடிய துறை வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் பத்துப் பதினைந்து விபரங்களை ஒரே வரைவிலக்கணத்தோடு நிரப்ப ஒரு பதிவேடும் ஆளும் வேண்டும். இரண்டு மூன்று வருடத் தரவு சேருமுன் பெயரோடு எதையும் வெளியிடக் கூடாது.

செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்று பார்ப்பது

எங்கள் தெரிவு இதிலிருந்து தொடங்குகிறது. இறப்பு அரிது. ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு. அதனால் பகுதியெண் பெரிதாகிறது, கடுமையைக் கழிக்கும் தேவை பெருமளவு விலகுகிறது, குறை தெரிந்தால் அடுத்த திங்கட்கிழமையே திருத்தவும் முடிகிறது. எல்லா வைத்தியசாலையிலும், அரசிலும் தனியாரிலும், தாராளமாக நடக்கும் வேலைகளையே எடுக்க வேண்டும். மூன்றைச் சொல்கிறோம்.

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டதா? சத்திரசிகிச்சையில் வெட்டுமுன் 60 நிமிடத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற்றப்பட்டதா? டெங்குவில் நீர்க்கசிவு தொடங்கிய கட்டத்தில் நாடி, இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு ஆகியவற்றை மணிக்கொரு தடவை எழுதிய கண்காணிப்பு அட்டை இருக்கிறதா? மூன்றாவதைக் கொழும்பில் விடவே முடியாது. மழைக்காலம் வந்தால் அரச வாட்டும் தனியார் அறையும் ஒரே நோயால் நிரம்பும். ஒப்பிட இதைவிட நல்ல களம் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் வரைவிலக்கணம் எழுதிய பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். ‘வந்த நேரம்’ என்பது எது? வாசலில் டிக்கெட் வெட்டிய நேரமா, அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தியர் கண்ட நேரமா? டிக்கெட் நேரத்தையே எடுக்க வேண்டும். வரிசையில் நிற்பதும் நோயாளியின் இதயத்துக்கு நேரம்தான். சுவர்க் கடிகாரமும் ஈ.சி.ஜி. இயந்திரத்தின் கடிகாரமும் ஏழெட்டு நிமிடம் வித்தியாசமாக ஓடினால் அளவே பொய்யாகும். திங்கள் காலை இரண்டையும் சரிபார்த்துக் கையெழுத்திடும் ஒரு கொப்பி போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். எழுதிய நேரங்கள் எல்லாம் 0இலும் 5இலும் முடிந்தால், பிறகு யோசித்து நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கோளாறு நடக்கிறது. வாட்டே தெரிவுசெய்து தரும் பி.எச்.டி.க்களை ஏற்கக் கூடாது. காலாண்டின் பட்டியலைப் பதிவறையிலிருந்து எடுத்து, எழுந்தமானமாக 60 ஐத் தெரிய வேண்டும். 60இல் 80 சதவீதம் என்றால் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ 10 புள்ளி. 30 மட்டும் எடுத்தால் 14 புள்ளி. அதனால் 78க்கும் 84க்கும் இடையில் உயர்வு தாழ்வு பேசக் கூடாது. எழுதப்படாதது செய்யப்படாததாகவே எண்ணப்பட வேண்டும். இந்த விதி கடுமையானதுதான். இதைத் தளர்த்தினால் எழுதாத வாட்டுதான் முதலிடம் பெறும். பத்தில் ஒரு பி.எச்.டி.யை இன்னொரு வைத்தியசாலையின் தாதி மறுபடி வாசிக்க வேண்டும். இருவரும் பத்தில் ஒன்றுக்கு மேல் முரண்பட்டால் அந்தக் காலாண்டின் எண்ணை வெளியிடாமல், வரைவிலக்கணத்தைத் திருத்த வேண்டும்.

எல்லை வைத்தவுடன் எல்லைக்கு விளையாடுவார்கள் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு நான்கு மணி நேர இலக்கு வைத்தபோது, நான்கு மணி முடிவதற்குச் சற்று முன்னே வாட்டுக்கு அனுப்பப்பட்டோர் தொகை செங்குத்தாக ஏறியது. இதற்குப் பரிகாரம்: சதவீதத்தோடு நடு நேரத்தையும் (பாதிப் பேருக்கு அதற்குள் முடிந்த நேரம்), மிகத் தாமதமான பத்தில் ஒருவரின் நேரத்தையும் சேர்த்துப் போடுவது. எல்லோரும் 98, 99 என்று வந்துவிட்ட அளவை ஓய்வு கொடுத்து, வேறொன்றை எடுக்க வேண்டும். கைகழுவலை நின்று பார்த்து எண்ணும் அளவை வெளியீட்டுக்கு நாங்கள் சிபாரிசு செய்யவில்லை; பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் கழுவுவார்கள்.

விளைவுகளில் ஒன்றை மட்டும் இவற்றோடு சேர்க்கலாம், அது சிசேரியன் காயத் தொற்று. பெரும்பாலும் தாய் வீடு போனபின்தான் காயம் சிவந்து கசியத் தொடங்கும். வாட்டில் மட்டும் எண்ணினால் சீக்கிரம் அனுப்பும் இடம் சுத்தமானதாகத் தெரியும். பல நாடுகள் இதற்குத் தொலைபேசியோடு மல்லுக்கட்டுகின்றன. இங்கே பொதுச் சுகாதார மருத்துவமாது பிரசவத்துக்குப் பின் முதற் பத்து நாட்களுக்குள்ளேயே வீட்டு வாசலுக்கு வருகிறார். அவர் பார்க்கும் அட்டையில் காயத்துக்கு இரண்டு பெட்டி சேர்த்தால் (சிவப்பும் வீக்கமும், சீழ்) அரசும் தனியாரும் ஒரே கண்ணால் அளக்கப்படும். கொழும்பின் மாடிக் குடியிருப்புகளில் அவருக்குக் கதவு திறக்காத வீடுகளை ‘தொற்று இல்லை’ என்று எண்ணாமல், ‘தெரியவில்லை’ என்று தனியாகக் காட்ட வேண்டும்.

நோயாளியிடமே கேட்பது

தமிழ் நோயாளருக்கு இந்த வழி தனி முக்கியத்துவம் உடையது. டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது, வாட்டில் சிங்களத்தில் சொல்கிறார்கள், மொழிபெயர்க்கப் பக்கத்துக் கட்டில்காரரோ பத்து வயதுப் பிள்ளையோ அகப்படுகிறார். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை அப்படிக் கேட்டு விளங்கிக்கொள்வது உயிருக்கு ஆபத்து. வேறு எந்த அளவிலும் இது தெரியாது.

ஆனால் ‘திருப்தியா?’ என்று கேட்கக் கூடாது. இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்வதா என்ற கூச்சத்தில் எல்லோரும் திருப்தி என்றே சொல்வார்கள். நடந்ததைக் கேட்க வேண்டும்: புது மருந்து எதற்கு என்று உங்களுக்கு விளங்கும் மொழியில் யாராவது சொன்னார்களா? அதைச் சொன்னவர் வைத்தியரா, தாதியா, வேறு நோயாளியா? வலி என்று கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்? வீட்டில் எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று எழுதித் தந்தார்களா? அமெரிக்காவின் தேசிய ஆய்வில் வெளியேறி 48 மணி நேரம் கழிந்தபின்னரே கேட்கிறார்கள். 2008 முதல் வெளியாகும் அந்த எண்களுக்கு நான்கு காலாண்டில் 300 விடை என்பது இலக்கு. இங்கேயும் வாட்டில் வைத்துத் தாதியே படிவம் கொடுக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து, வைத்தியசாலைக்கு வெளியே உள்ளவர்கள், நோயாளியின் மொழியில் தொலைபேசியில் கேட்க வேண்டும். விடைகளை மொழிவாரியாகப் பிரித்தே வெளியிட வேண்டும். மொத்தமாக 85 சதவீதம் நல்லது என்ற எண்ணுக்குள், தமிழில் கேட்டவர்களின் 50 சதவீதம் காணாமல் போய்விடும்.

பெயர் சொல்லாமல் உள்ளே ஆராய்வது

எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுவதும் பிழை. இலங்கையில் ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, வைத்தியசாலையிலும் வெளிக்களத்திலும் விசாரிக்கப்பட்டு, குடும்ப சுகாதாரப் பணியகத்தின் தேசிய மீளாய்வுக்குப் போகிறது. குற்றம் சாட்டாமல் காரணம் தேடுவது அதன் முறை. அங்கே ஒரு வைத்தியர் ‘நான் அரை மணி பிந்தினேன்’ என்று சொல்ல முடிவது, அது நாளை பத்திரிகையில் வராது என்ற உறுதியால்தான். அரிதான, கொடிய நிகழ்வுகளுக்கு இதுவே சரியான வழி. வெளியே போக வேண்டியது பெயரில்லாத காரணங்களும், திருத்தம் நடந்ததா என்ற விடையும்.

ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் சாட்டாகச் சொல்ல முடியாது. 2000களின் தொடக்கத்தில் விஸ்கொன்சினில் வைத்தியசாலைகளை மூன்று குழுவாகப் பார்த்தார்கள்: எண்கள் பொதுமக்களுக்கு வெளியானவை, தனிப்பட்ட முறையில் நிர்வாகத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டவை, ஒன்றும் கொடுக்கப்படாதவை. திருத்த வேலைகள் அதிகம் நடந்தது முதற் குழுவில். நோயாளர் இடம் மாறியதாகத் தெரியவில்லை. ஆகவே உந்தித் தள்ளியது வருமானம் குறைந்துவிடும் என்ற பயம் ஆகாது, பெயர் கெடும் என்ற கவலைதான். தெரிவு இல்லாத நோயாளருக்கும் வெளியீடு பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று. அரச வைத்தியசாலைகளில் வெளியிட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டுவது இதையே.

யார் பெயரில், எங்கே

வைத்தியர் பெயரில் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சனல் பண்ணும் வழக்கத்தால் கொழும்பில் இந்த ஆசை வலுவாக வரும். ஆனால் அரச வைத்தியர்களுக்குத் தனியார் தொழில் 1977 முதல் அனுமதிக்கப்பட்டிருப்பதால், காலையில் அரச தியேட்டரில் நின்றவரே மாலையில் தனியார் தியேட்டரில் நிற்கிறார். கை ஒன்று, இரவு இரண்டு மணிக்கு இரத்த அழுத்தம் விழுவதைக் காணும் தாதி வேறு, இரத்த வங்கி வேறு, தீவிர சிகிச்சைக் கட்டில் வேறு. அளக்க வேண்டியது அந்த இரண்டாவது பகுதியை. ஒருவருக்கான தொகையும் சிறியது. வாட்டு அல்லது பிரிவு மட்டத்தில், ஒரு காலாண்டில் 25க்குக் குறைந்த எண்ணிக்கை என்றால் நான்கு காலாண்டைச் சேர்த்தே வெளியிட வேண்டும்.

நட்சத்திரமும் முதலாம் இரண்டாம் இடமும் வேண்டாம். எதிர்பார்ப்புக்கு மேல், எதிர்பார்ப்புக்குள், எதிர்பார்ப்புக்குக் கீழ் என்ற மூன்று சொற்களும், பக்கத்தில் ‘60இல் 47 பேருக்கு’ என்ற முழு எண்ணும் போதும். சதவீதத்தை வாசிக்கத் தயங்குபவரும் அதை வாசிப்பார். வெளிநோயாளர் பிரிவின் வாசலில், மூன்று மொழியிலும், ஒரே எழுத்தளவில், பார்க்கும் உயரத்தில் ஒட்ட வேண்டும். இணையத்தளம் இரண்டாவது. வெளியிடுமுன் 30 நாள் வைத்தியசாலைக்குக் கொடுத்துப் பிழை காட்டச் சொல்ல வேண்டும். அதன்பின் விளக்கம் எழுதலாம், எண்ணை நிறுத்த முடியாது. இந்த அதிகாரம் வைத்தியசாலையின் பணிப்பாளரிடமோ உரிமையாளரிடமோ இருக்கக் கூடாது. தனியாருக்கு, பதிவைப் புதுப்பிக்கும் நிபந்தனையாகத் தரவு வழங்குவதைச் சேர்த்தால், புதிய அமைப்பு ஒன்றைக் கட்டாமலே தொடங்கலாம்.

முதல் ஆறு மாதம் மூன்று செய்முறை அளவுகள் (ஈ.சி.ஜி., அன்டிபயோட்டிக், டெங்கு அட்டை), பெயரில்லாமல், கடிகாரத்தையும் வரைவிலக்கணத்தையும் திருத்த மட்டும். அடுத்த ஆறு மாதம் அதே மூன்றும் பெயரோடு. இரண்டாம் வருடம் தொலைபேசி ஆய்வும் சிசேரியன் காயமும். இதய சத்திரசிகிச்சைப் பதிவேடு பின்புலத்தில் தொடங்கலாம், வெளியீட்டுக்கு அவசரப்பட வேண்டாம். 30 நாள் இறப்பு, பதிவுகள் இணைக்கப்பட்ட பிறகு.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அரச வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு உண்டு. தனியார் வைத்தியசாலையைப் பற்றி ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் கேட்கலாம். ‘உங்கள் தரம் எப்படி’ என்று கேட்டால் பதில் வராது. ஏற்கெனவே எழுதிவைத்திருப்பதைக் கேட்க வேண்டும். தியேட்டர் பதிவேட்டின்படி கடந்த நான்கு காலாண்டின் சிசேரியன் தொகை, அவசரமும் நாள் குறித்ததும் பிரித்து. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியின் மாதாந்த அறிக்கைகள். தர முகாமைத்துவ அலகு அமைச்சுக்கு அனுப்பிய காலாண்டு அறிக்கைகளின் பிரதி. தனிநபர் மருத்துவப் பதிவு சட்டத்தின் விலக்குக்குள் வருவதால் பெயரும் பி.எச்.டி. இலக்கமும் நீக்கிய தொகைகளே போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மறுப்பதற்கான முதற் காரணம் அங்கேயே அடைபடும்.